நகையை விற்றுக் கடனை அடைப்பதா, அடகிலேயே ஓட்டுவதா?

கேள்வி: 2025 ஜூன் 14

"நாங்கள் கரூர். வீட்டுக்காரருக்கு 22,000 சம்பளம், எனக்கு 11,000. மொத்தக் கடன் 5 லட்சம். அதில் 3,10,000 நகைக்கடன், தனியார் அடகுக் கம்பெனியில் 9 பவுன் இருக்கிறது. மீதி கைமாத்தும் வட்டிக் கடனும். வட்டி கட்டியே மாதம் ஓடுகிறது. நகையை விற்று அடைத்துவிடலாம் என்கிறேன் நான். பெண்பிள்ளை இருக்கிறாள், கூடாது என்கிறார் அவர். தினமும் சண்டை. இதிலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

ஜூன் 14, இரவு 10.20

நாங்கள் வந்திருக்கிறோம். 2021 பிப்ரவரியில் 4,30,000 கடன். 2024 செப்டம்பரில் கடைசி நகையை மீட்டோம்.

திருப்பூரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், நான் செக்கிங். அப்போது வாரச் சம்பளம் அவருக்கு 4,500, எனக்கு 2,400. கொரோனாவில் வேலை நின்றபோது வாங்கியது பாதி, அதற்கு முன்பே மாமனார் ஆபரேஷனுக்கு வாங்கியது மீதி.

விற்பதா வைப்பதா என்பது இரண்டாவது கேள்வி. 5 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நீங்கள் போட்ட கணக்கா, இருவரும் சேர்ந்து போட்டதா? நாங்கள் எழுதி உட்காரும்வரை நான் மூன்றே கால் லட்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் மூன்றரை என்று நினைத்திருந்தார். எழுதியபோது வந்தது இது:

மூன்று ரூபாய் வட்டிக்கு 1,00,000. நகைக்கடன் 1,60,000 (ஆறரைப் பவுன்). மகளிர் குழுவில் என் பங்கு 42,000. நாத்தனாரிடம் கைமாத்து 80,000. பைக் தவணை பாக்கி 30,000. தண்டல் (தினமும் கட்டும் கடன்) பாக்கி 18,000.

தண்டலை அவர் கடனாகவே நினைக்கவில்லை, தினச் செலவு என்று நினைத்திருந்தார். நாத்தனாரிடம் வாங்கியதை நான் கடனாக நினைக்கவில்லை, அது குடும்பத்துக்குள் என்று விட்டிருந்தேன்.

ஒரு லாங்சைஸ் நோட்டு வாங்கி, யாரிடம், எவ்வளவு, எப்போது வாங்கியது, வட்டி என்ன, கையில் என்ன காகிதம் கொடுத்திருக்கிறோம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினோம். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் அரை மணி நேரம் அந்த நோட்டோடு உட்காருவோம். ஒரே ஒரு விதி வைத்தோம்: அந்த அரை மணி நேரத்தில் சொன்னதை வேறு நாளில் எடுத்துச் சண்டை போடக்கூடாது. முதல் ஆறு மாதம் இருவருமே அந்த விதியை மீறினோம். அப்புறம் பழகிவிட்டது.

ஜூன் 15

நகைக்கு வருகிறேன். விற்பது, அப்படியே வைப்பது என்று இரண்டு வழிதான் இருப்பதுபோல் கேட்டிருக்கிறீர்கள். இடம் மாற்றுவது என்று மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது.

எங்கள் ஆறரைப் பவுன் தனியாரிடம் வருடத்துக்கு 22 சதவீத வட்டியில் இருந்தது. 1,60,000க்கு வருடம் 35,200. அரசு வங்கியில் அப்போது எங்களுக்குக் கிடைத்தது 9 சதவீதம், அதாவது வருடம் 14,400. அதே நகை, அதே தொகை, வருடம் 20,800 மிச்சம். என் இரண்டு மாதச் சம்பளம் அது.

பிறகு ஏன் எல்லோரும் மாற்றுவதில்லை? நகையை மீட்டால்தான் வங்கியில் வைக்க முடியும், மீட்கப் பணம் வேண்டும். அந்த ஒரு நாள் பணம் இல்லாமல்தான் எத்தனையோ குடும்பங்கள் வருடக்கணக்கில் கூடுதல் வட்டி கட்டுகின்றன. எங்களுக்கு என் அண்ணன் கொடுத்தார். மளிகைக் கடை வைத்திருக்கிறார், மறுநாள் மண்டிக்குக் கட்ட வேண்டிய பணம் அது. 2021 மார்ச்சில் ஒரு நாள் காலையில் பையோடு வந்து எங்களுடனேயே அடகுக் கடைக்கும் வங்கிக்கும் நடந்தார். காலையில் வாங்கி மாலையில் திருப்பிக் கொடுத்தோம்.

உங்கள் இரு வீட்டிலும் "கடன் கொடு" என்று கேட்காதீர்கள். "ஒரு நாளைக்கு உங்கள் பணத்தை எங்களோடு கொண்டுவந்து நில்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கடன் கொடுக்க யோசிப்பவர்கூட இதற்கு வருவார்.

ஜூன் 15, மாலை

மேலே ஒரு திருத்தம். வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சொன்னார்: மாலையில் திருப்பிக் கொடுக்கவில்லை, மறுநாள் மதியம்தான். வங்கியின் நகை மதிப்பீட்டாளர் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார், அன்று கடன் கிடைக்கவில்லை. அண்ணன் மண்டிக்காரரிடம் ஒரு நாள் தவணை கேட்டிருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சொல்லித்தான் இன்று எனக்கே தெரியும்.

ஆகவே முதலில் வங்கிக்குப் போய் எந்த நாள், எந்த நேரம் மதிப்பீட்டாளர் இருப்பார் என்று கேட்டுவிட்டு அப்புறம் நகையை மீட்கப் போங்கள். அந்தக் கிளையில் சேமிப்புக் கணக்கு இல்லாவிட்டால் ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

ஜூன் 16

மூன்று ரூபாய் வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடம் 36 சதவீதம். பேச்சில் "மூணு ரூபாதானே" என்று சிறியதாகத் தெரியும். 2018 மே மாதம் வாங்கினோம். நோட்டில் எழுதிய அன்று 33 மாத வட்டி 99,000 கட்டியிருந்தோம். அசல் ஒரு லட்சம் அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்தை எழுதிவிட்டு அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

தண்டல் இன்னும் மோசம். பத்தாயிரம் என்று பெயர், கையில் 8,500. நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாள். 1,500தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது, சராசரியாக நம் கையில் இருப்பது 4,250தான். அதற்கு நூறு நாளில் 1,500 என்றால் வருடக் கணக்கில் நூறு சதவீதத்துக்கும் மேல். 2003ஆம் வருட அதீத வட்டித் தடைச் சட்டத்தில் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டல் என்ற சொல்லே இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், அவசரத்துக்கு ஐந்து நிமிடத்தில் கொடுப்பவர் அவர்தான் என்பதால் போகிறோம். அதனால்தான் தண்டலை முதலில் முடித்துவிட்டு, அதே நூறு ரூபாயை நூறு நாளும் டப்பாவில் போட்டோம். அடுத்த அவசரத்துக்கு அந்த டப்பா இருந்தது.

மூன்று ரூபாய் வட்டியை அடைத்தது ஏலச்சீட்டால். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதம் 5,000. நான்காவது மாதம் ஏலத்தில் 25,000ஐ விட்டுக்கொடுத்து எடுத்தோம், 75,000 வந்தது. 2021 தீபாவளி போனஸ் அவருக்கு 14,000, எனக்கு 8,000, டப்பாவில் இருந்து 3,000. ஒரு லட்சத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டோம். சீட்டு எங்களுக்குப் பெரிய லாபம்.

கொடுத்த அன்றே புரோநோட்டை, அதாவது கடனுக்கு நாம் எழுதிக் கொடுத்த பத்திரத்தை, கையில் வாங்குங்கள். "வீட்டில் இருக்கு, நாளைக்குத் தரேன்" என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள். எங்களிடம் தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அது வெளியே இருக்கும்வரை கடன் முடியவில்லை.

ஜூன் 19

சீட்டு "பெரிய லாபம்" என்று எழுதியதை ஒருவர் கேள்வி கேட்டிருந்தார். சரியான கேள்வி. நேற்று இரவு பழைய நோட்டை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டேன்.

நான்கு மாதத்தில், ஏலத்தில் விட்ட தொகையிலிருந்து எங்களுக்கு வந்த கழிவு போக, நாங்கள் கட்டியிருந்தது 17,000. 75,000 வந்தபோது அதில் எங்கள் பணத்தைக் கழித்தால் உண்மையில் கடனாக வாங்கியது 58,000. பிறகு 16 மாதம், கழிவு போக, கட்டியது 67,600. அதிகமாகப் போனது 9,600. மாதாமாதம் குறைந்துகொண்டே வந்த தொகைக்கு இதைப் போட்டுப் பார்த்தால் வருடம் 23 சதவீதம் வருகிறது. கிட்டத்தட்ட இரண்டு ரூபாய் வட்டி. மூன்று ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய்க்கு வந்தோம், அவ்வளவுதான். அசலும் சேர்ந்து கரைந்தது என்பது உண்மையான நன்மை. ஆனால் லாபம் என்று எழுதியது தவறு.

பதிவு செய்த சீட்டா என்பதையும் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1982ஆம் வருட சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டும் பதிவாக வேண்டும். நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதமாக இருந்தது, 2019 திருத்தத்தில் 7 வரை போகலாம் என்று ஆனது. தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று தெருவில் தெரிந்தவர் பிடிப்பதில் கடன் அடைக்கத் திட்டம் போடாதீர்கள். எங்கள் லைன் வீட்டிலேயே இரண்டு குடும்பம் அப்படிப் பணத்தை விட்டது.

ஜூன் 22

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வட்டி அதிகமானதை முதலில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூன் 22, இரவு

சந்தேகமே இல்லை என்று எழுதியதும் வீட்டுக்காரர் நோட்டின் நாத்தனார் பக்கத்தைத் திறந்து காட்டினார். வட்டியே இல்லாத அந்தக் கடனுக்குத்தான் முதல் மாதத்திலிருந்து மாதம் 1,000 கொடுத்திருக்கிறோம். மூன்று ரூபாய் வட்டி ஓடிக்கொண்டிருந்தபோதும்கூட.

கணக்குப்படி அது தவறு. ஆனால் அதை மாற்றச் சொல்லமாட்டேன். அவள் வீட்டுக்காரர் கேரளாவில் டீக்கடையில் நின்று சேர்த்த பணம் அது. வட்டி கேட்காதவருக்கு "அப்புறம் தரலாம்" என்று விட்டால் மூன்று வருடம் கழித்து அவர் வீட்டு விசேஷத்துக்குப் போக நமக்கே கால் வராது. ஆயிரம் ரூபாய் போனபோது அவள் திரும்பப் போன் செய்தாள்: "எதுக்கு அண்ணி இப்ப, முதல்ல வட்டிக்காரனுக்குக் குடுங்க." அந்தப் போனுக்காகவே அந்த ஆயிரம்.

வங்கிக்கு மட்டும் ரசீது, சொந்தக்காரருக்கு வாய்ப்பேச்சு என்று வைக்காதீர்கள். அவள் பக்கத்திலும் தேதி போட்டு எழுதினோம். நவம்பர் 2023இல் முடிந்தபோது அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினோம்.

ஜூலை 6

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு தடவை தொடங்கி நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரர் மொபைலில் கடன் ஆப் ஒன்று இருந்ததைப் பார்த்துவிட்டதாகவும், இப்போது பேசவே பிடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

எங்கள் வீட்டிலும் நடந்தது. 2022 ஏப்ரல். நோட்டு எழுத ஆரம்பித்து ஒரு வருடம் தாண்டிவிட்டது, சனிக்கிழமை தவறாமல் உட்காருகிறோம், மூன்று ரூபாய் வட்டி முடிந்துவிட்டது. நான் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் அவருக்கு வேலை கொடுக்கும் கான்ட்ராக்டரின் வீட்டம்மாவைச் சந்தையில் பார்த்தபோது, "உங்க வீட்டுக்காரர் அட்வான்ஸ் 45,000 அப்படியே நிக்குதே, கம்பெனி மாறமாட்டார்ல" என்றார்.

நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர். எங்கள் ஊர் வத்தலக்குண்டு பக்கம், தாய்மாமன் தட்டு எத்தனை என்று எண்ணுவார்கள். நாங்கள் இருவரும் பேசி 10,000க்குள் முடிப்பது என்று முடிவு செய்திருந்தோம். விசேஷத்தில் கூடுதலாக இருந்ததைப் பார்த்துக் கேட்டபோது மாமியார் கொடுத்ததாக வீட்டுக்காரர் சொன்னார். உண்மையில் கான்ட்ராக்டரிடம் வாங்கியிருந்தார்.

ஒன்பது நாள் பேசவில்லை. தொகை பெரியது என்பதால் இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார் என்பதால். பத்தாவது நாள் அவரே நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தை எழுதி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "உன்கிட்ட சொன்னா வேண்டாம்னு சொல்லுவ. தங்கச்சி முன்னாடி நான் சின்னதா நிக்க வேண்டி வரும். அதான் சொல்லல."

நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதுவும் உண்மை. அவர் மறைத்தது தவறு. ஆனால் எதைக் கேட்டாலும் நான் கணக்கைக் காட்டி முடித்துவிடுகிறேன் என்ற பயத்தில் மறைத்தார். அதன்பிறகு நோட்டில் இரண்டு பேருக்கும் தனித்தனியாக மாதம் 500 என்று எழுதினோம். அது எதற்குப் போகிறது என்று கேட்கக்கூடாது. அவர் அம்மாவுக்கு மாத்திரை வாங்கினாலும் சரி, டீ குடித்தாலும் சரி.

உங்கள் வீட்டுக்காரர் ஏன் ஆப்பில் வாங்கினார் என்று தெரியாது. எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எதற்கு என்று கேளுங்கள்.

ஜூலை 7

ஆப் பற்றி அவசரமாக ஒன்று. தொடர்பு எண்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டிருந்தால் உடனே மொபைல் செட்டிங்ஸில் போய் நிறுத்துங்கள். ரிசர்வ் வங்கி 2022இல் கொடுத்த விதிப்படி கடன் ஆப்கள் நம் தொடர்பு எண்களைத் தொடவே கூடாது. மிரட்டல் அழைப்பு வந்தால் பதிவு செய்து, 1930 எண்ணில் இணையக் குற்றப் புகார் கொடுங்கள். இதில் வெட்கப்பட்டுத் தாமதிக்க வேண்டாம்.

ஜூலை 20

நகையை விற்றீர்களா இல்லையா, நேராகச் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். விற்றோம். 2022 ஜூனில், அடகில் இல்லாத என் 2 பவுன் நெக்லஸ். பவுன் 38,000 சுற்றில் இருந்தது. கல்லும் தேய்மானமும் கழித்து 71,500 கொடுத்தார்கள். வாங்கியபோது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் போனதுதான்.

45,000 கான்ட்ராக்டருக்கு. மீதி 26,500 வங்கி நகைக்கடன் அசலில்.

இந்த 2025 ஜூலையில் பவுன் 70,000ஐத் தாண்டி நிற்கிறது. அதே 2 பவுன் இன்று ஏறக்குறைய 1,46,000. 74,500 இழந்தோமா என்று எனக்கும் உறுத்தியது. அவர் வேறு கணக்கு வைத்திருந்தார். அட்வான்ஸ் இருக்கும்வரை அந்தக் கான்ட்ராக்டரை விட்டு நகர முடியாது. அடைத்த அடுத்த வாரமே வேறு கம்பெனிக்குப் போனார், ஷிப்டுக்கு 120 ரூபாய் கூடுதல். வாரம் ஆறு ஷிப்ட் என்றால் 720. மூன்று வருடம், 156 வாரம், 1,12,000க்கு மேல். வேலை இல்லாத வாரங்களைக் கழித்து 130 வாரம் என்றாலும் 93,600.

ஆகவே உங்களுக்கு என் பதில்: 9 பவுனையும் விற்க வேண்டாம். வங்கிக்கு மாற்றியபிறகு, போடாமல் கிடப்பது, உடைந்தது, கல் வைத்தது என்று இரண்டு மூன்று பவுனைப் பிரித்து, உங்களையோ அவரையோ கட்டிப்போட்டிருக்கும் கடன் எதுவோ அதற்கு விற்கலாம். தாலிச் செயினையும் மகளுக்கென்று வைத்ததையும் தொடாதீர்கள். இது கணக்கால் சொல்வது இல்லை. அதைத் தொட்டால் வீட்டில் அந்தச் சண்டை பல வருடம் ஓடும்.

தள்ளுபடி வரும் என்று காத்திருக்கலாமா என்றும் கேட்டார்கள். 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரைக்குமான நகைக்கடனை அரசு தகுதி பார்த்துத் தள்ளுபடி செய்தது. எங்கள் குழுவில் ஒருவருக்குக் கிடைத்தது, சந்தோஷம். அதைப் பார்த்து அடுத்த தள்ளுபடிக்காக வட்டி கட்டாமல் விட்ட இருவரின் நகை ஏலத்துக்குப் போனது. வந்தால் வாங்கிக்கொள்ளலாம், அதை நம்பி நோட்டில் ஒரு வரிகூட எழுதக்கூடாது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. லீவு. வீட்டு வேலை பற்றி எழுதச் சொன்னவருக்கு இன்று.

வருமானத்தைக் கூட்டினால்தான் கடன் அடையும், ஓவர்டைம் பார்த்தால்தான் வருமானம் கூடும். நான் எட்டு மணிவரை நின்றால் யார் சமைப்பது? முதல் சில மாதம் நானே வந்து சமைத்தேன், பத்தரைக்குச் சாப்பாடு. பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஒருநாள் பரோட்டா வாங்கினோம், அப்புறம் வாரத்தில் மூன்று நாள். நோட்டில் பார்த்தால் என் ஓவர்டைம் பணத்தில் பாதி ஓட்டலுக்குப் போயிருந்தது.

அவர் சமையலுக்கு வந்தார். முதலில் சோறும் ரசமும் மட்டும். இப்போது கருவாட்டுக் குழம்பு அவர் வைத்தால்தான் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். ஊரிலிருந்து மாமியார் வந்தபோது முகம் சுருங்கியது. அவரே அம்மாவிடம் சொன்னார்: "அவ எட்டு மணி வரைக்கும் நிக்கிறது நம்ம அப்பா ஆபரேஷன் கடனுக்குதான்மா." அதன்பிறகு மாமியார் வந்தால் வெங்காயம் உரித்துக் கொடுப்பார்.

தண்ணீர் அவர் பொறுப்பு. இங்கே குடிநீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும், நடுராத்திரியில்கூட வரும். லைன் வீட்டில் ஆறு குடும்பம். ஒரு குடும்பம் விழித்திருந்து மற்றவர்களை எழுப்புவது என்று முறை வைத்தோம். எல்லோரும் எல்லா இரவும் விழித்திருக்க வேண்டியதில்லை. அதே முறையைப் பிள்ளைகளுக்கும் வைத்தோம்: பள்ளி விட்டு வந்ததும் அந்த வாரம் யார் வீட்டில் பகல் ஷிப்ட் இல்லையோ அங்கே எல்லாப் பிள்ளைகளும் வீட்டுப்பாடம் எழுதும். டியூஷன் செலவு மிச்சம் என்பதைவிட, பிள்ளை எங்கே இருக்கிறதோ என்ற பயம் இல்லாமல் வேலையைப் பார்க்க முடிந்தது.

ரேஷன் அரிசியை இட்லிக்கும், கடை அரிசியை மதியச் சோற்றுக்கும் என்று பிரித்தோம். ரேஷன் துவரம்பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய், அதை ஒரு மாதமும் விட்டதில்லை. 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்தபோது தினம் 20 ரூபாய் மிச்சமானது. அந்த 20 ரூபாயை டப்பாவில் போட்டேன். 2023 செப்டம்பரில் உரிமைத்தொகை 1,000 வர ஆரம்பித்தது, அது நாத்தனார் கடனில் கடைசி மாதங்களுக்குப் போனது.

மகள் அப்போது நான்காவது படித்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே ஒரு கணக்குத் தொடங்கியிருந்தாள்: "அம்மா எனக்கு ஐஸ் வாங்கித் தர வேண்டியது 10. அப்பா 10. வட்டி ஒரு ஐஸ்." 2024 செப்டம்பரில் நகை மீட்ட அன்று அதையும் வட்டியோடு அடைத்தோம்.

ஆகஸ்ட் 30

மூன்று நாளாக இங்கே எல்லோரும் இதையேதான் பேசுகிறோம். 27ஆம் தேதியிலிருந்து அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டுவிட்டது. அவர் கம்பெனியில் அமெரிக்க ஆர்டர்தான் அதிகம். வாரம் ஆறு ஷிப்ட் நான்காகிவிட்டது. எனக்கு உள்நாட்டு ஆர்டர், இப்போதைக்கு ஓடுகிறது.

2020இல் வேலை நின்றபோது மூன்றாம் வாரமே கடன் கேட்கப் போனோம். பைக்குக்கும் குழுவுக்கும் ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், வட்டியும் ஓடாது என்று நினைத்துவிட்டோம். வட்டி ஓடியது, அசலோடு வந்து சேர்ந்தது. இன்று டப்பாவில் 31,000 இருக்கிறது, தவணை எதுவும் இல்லை. பயம் இருக்கிறது. ஆனால் போன தடவை வந்த பயத்துக்கு முகமே வேறு.

இன்று சனிக்கிழமை. நோட்டில் நான்கு ஷிப்ட் சம்பளத்துக்குப் புது வரி எழுதினோம்.

செப்டம்பர் 14

மகளிர் குழுவில் சேரலாமா என்று கேட்டவருக்கு. சேருங்கள், ஆனால் கடனுக்காக மட்டும் சேராதீர்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கின. ஒழுங்காகக் கூடுவது, சேமிப்பது, உள்ளுக்குள் கடன் கொடுப்பது, திருப்பிக் கட்டுவது, கணக்கு எழுதுவது என்று ஐந்து விதி சொல்லித் தருவார்கள். எங்கள் குழுவில் 14 பேர். முதல் நான்கு விதியை மறந்தாலும் ஐந்தாவதை மறக்காத ஒரு அக்கா இருந்ததால் குழு நிற்கிறது.

எங்களில் ஒருவர் மூன்று மாதம் கட்டவில்லை. கூட்டத்தில் முதலில் கோபப்பட்டது நான்தான். எல்லோரும் கஷ்டப்பட்டுக் கட்டும்போது இவர் மட்டும் எப்படி என்று சத்தம் போட்டேன். பிறகு அந்த அக்கா மட்டும் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். வேறு நான்கு இடத்தில் வாரக் கடன், அதில் இரண்டு அவர் தங்கைக்காக வாங்கிக் கொடுத்தது. ஒரு நிறுவனத்தின் வசூல் ஆள் இரவு எட்டு மணிக்கு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

2022 ஏப்ரலிலிருந்து நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கியின் புது விதி இருக்கிறது. குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக்கூடாது. காலை 9க்கு முன்னும் மாலை 6க்குப் பின்னும் வசூலுக்குத் தொல்லை தரக்கூடாது. முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. அதுவரை இது எங்களில் யாருக்குமே தெரியாது. அடுத்த நாள் இரவு நாங்கள் ஐந்து பேர் அந்த வாசலில் போய் உட்கார்ந்தோம். சண்டை போடவில்லை. "ஆறு மணிக்கு மேல வரக்கூடாதுன்னு விதி இருக்குதாமே தம்பி" என்று மட்டும் கேட்டோம். அவரும் சம்பளத்துக்கு வந்த பையன்தான், எழுந்து போய்விட்டான்.

குழுவுக்கு அவர் கட்ட வேண்டியதை ஐந்து மாதம் நாங்கள் பகிர்ந்து கட்டினோம். எனக்கு மாதம் 180 ரூபாய் வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார். கூட்டத்தில் நான் சத்தம் போட்டதை அவர் இன்றுவரை சொல்லிக் காட்டியதில்லை.

அக்டோபர் 12

ஜூலையில் சீர் விஷயம் எழுதியபோது ஒன்றை விட்டிருந்தேன். விஷயம் தெரிந்ததும் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணன் எனக்குச் செஞ்ச சீருக்குத்தானே அந்தக் கடன். உங்க பாக்கியில 20,000 கழிச்சுக்கோங்க அண்ணி." நான் மறுத்துவிட்டேன். சீர் வேறு, கடன் வேறு, கலக்கக்கூடாது என்றேன். அப்போது அது சரியென்றுதான் நினைத்தேன்.

நேற்று அவள் மகளுக்கு நர்ஸிங் காலேஜ் கட்டணம் குறைகிறது என்று தெரிந்து, நாங்கள் 15,000 அனுப்பினோம். ஷிப்ட் குறைந்திருக்கும் நேரம், டப்பாவில் பாதி. அவள் மறுக்கவே இல்லை. "சரி அண்ணி, ஜனவரியில தந்துடறேன்" என்று வாங்கிக்கொண்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்று நான் வாங்கிக்கொள்ளாமல் விட்டபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன். இன்று போன் செய்து அதைச் சொன்னேன். "விடுங்க அண்ணி" என்றாள். அவள் பேரில் நோட்டில் பக்கம் போட்டாயிற்று, இந்தத் தடவை வர வேண்டியது.

அக்டோபர் 26

கேள்வி கேட்டவர் தீபாவளிக்குப் பிறகு எழுதியிருக்கிறார். இருவரும் உட்கார்ந்து எழுதினார்களாம். 5 லட்சம் இல்லை, 5,85,000. ஆப் கடன் அவர் தம்பி வண்டியைத் தவணைக்காரர் எடுத்துப் போகாமல் இருக்க வாங்கியதாம். உங்கள் மாமா நாளை ஒரு நாள் பணத்தோடு வர ஒத்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தீர்கள்.

சரி, நாளை திங்கட்கிழமை. இருவரும் லீவு போட்டுவிட்டுப் போங்கள், ஒருவர் மட்டும் போக வேண்டாம். ஆதார், பான் கார்டு, இரண்டு போட்டோ, வங்கிப் பாஸ்புக், அடகு ரசீது. அடகுக் கடையில் முதலில் நகைகளை ரசீதில் உள்ள எடையோடு அங்கேயே எடை போட்டுப் பாருங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். பழைய கடன் முடிந்தது என்று எழுதி வாங்குங்கள். மதிப்பீட்டாளர் பதினொரு மணிக்கே வந்துவிடுவாரா என்று இன்று மாலைக்குள் தெரிந்தவர் யாரையாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாமாவைச் சாப்பிடாமல் வங்கியில் உட்காரவைத்துவிடாதீர்கள், நாங்கள் அண்ணனை அப்படித்தான் வைத்திருந்தோம்.

முடிந்ததும் இங்கே எழுதுங்கள். வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.